எழுத்திலேயே ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள்: முதலில் எதற்குள் நுழைவது?

அக்கா மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான், ஹாஸ்டல் வாசம். கையில் இருப்பது யாரோ பயன்படுத்திக் கொடுத்த பழைய லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கொஞ்சம் கனமான எதையாவது திறந்தால் ஃபேன் போடும் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்துவிடுகிறானாம். போன வாரம் போன் பண்ணி, "மாமா, இதுல எந்த கேமும் ஓட மாட்டேங்குது. எழுத்துலயே ஆடுற கேம்னு ஒண்ணு சொல்வீங்களே, அதை எங்க ஆரம்பிக்கறது?" என்று கேட்டான். நானும் பத்து நிமிடம் பேசினேன். ஒவ்வொன்றையும் "நல்லாத்தான் இருக்கும், ஆனா..." என்று இழுத்ததில் அவனுக்கு இருந்த தெளிவும் போய்விட்டது. சரி, எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தது இது. இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஆகும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு மட் என்று பெயர். மல்ட்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது முதல் மட். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். நீங்கள் நிற்கும் இடத்தை நாலு வரியில் சொல்லும், நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் என்ன நடந்தது என்று அடுத்த வரியில் வரும். அதே இடத்தில் அதே நேரம் உலகின் வேறு மூலையிலிருந்து இன்னொருவரும் நிற்பார் என்பதுதான் இதன் ருசி. பிற்காலத்தில் வந்த படம் காட்டும் பெரிய ஆன்லைன் விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன் இதுதான்.

தேர்ந்தெடுப்பதைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே எந்த உலகம் அழகு, எதில் டிராகன் இருக்கிறது, எதில் ஆள் அதிகம் என்றுதான் பார்க்கிறார்கள். நம்மைப் போல ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றுக்கொண்டவர்கள் பார்க்க வேண்டியது வேறு. திரையில் ஓடும் ஆங்கிலத்தை எவ்வளவு வேகமாகப் படிப்பீர்கள், படித்ததற்கு எவ்வளவு வேகமாகப் பதில் தட்டுவீர்கள்? இது ஒன்றிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும். பேப்பர் வாசிக்கும் ஆங்கிலம் வேறு, ஓடுகிற ரயிலின் பெயர்ப்பலகையை வாசிப்பது வேறு. மட்டில் இரண்டாவதுதான் அதிகம்.

உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று ஒரு முறை காட்டிவிடுகிறேன். இணைப்பு கிடைத்ததும் கறுப்புத் திரையில் எழுத்துகளாலேயே வரைந்த ஒரு கோட்டையோ ஓநாயோ தெரியும். அதன் கீழே 'எந்தப் பெயரில் அறியப்பட விரும்புகிறாய்?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். பெயர் கொடுத்து, கடவுச்சொல் வைத்து, மனிதனா குள்ளனா, வீரனா மந்திரவாதியா என்று சொன்னதும் ஒரு கோயிலிலோ பயிற்சிக்கூடத்திலோ போய் நிற்பீர்கள். லுக் என்று தட்டினால் சுற்றுப்புறத்தை விவரிக்கும். வடக்கே போக முழு வார்த்தை தேவையில்லை, திசையின் முதல் எழுத்தே போதும். ஒரு எலி எதிரே வருகிறது. உடனே கில் என்று தட்டிவிடாமல் கன்சிடர் என்று தட்டிப் பாருங்கள், ஜெயிக்க முடியுமா என்று ஜாடையாகச் சொல்லிவிடும். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று முறை செத்தேன். அடிவரியில் மூன்று எண்கள் நின்றுகொண்டே இருக்கும்: உயிர், மந்திர சக்தி, நடக்கும் தெம்பு. சண்டை நடக்கும்போது அந்த முதல் எண்ணை மட்டும் பாருங்கள். மற்ற வரிகளை விட்டுவிடலாம். இப்படிப் படிக்காமல் விடக் கற்றுக்கொள்வதுதான் மட்டில் முதல் பாடம்.

இனி தேர்வுகள். எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் நூற்றுக்கணக்கில் போகும். அவனிடம் நான் வைத்தவை ஆறு.

முதலில் ஆர்ட்வுல்ஃப். 1996 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, இலவசம். டிக்கு என்ற பரம்பரையில் வந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினித்துறை மாணவர்கள் 1991-இல் வெளியிட்ட நிரல் அது. அந்தத் துறையின் சுருக்கப் பெயரே விளையாட்டுக்கும் பெயராகிவிட்டது. டிக்கு பரம்பரை என்றால் அடி, காசு எடு, லெவல் ஏறு, மறுபடி அடி. கேட்க மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் புதியவருக்கு இதைப் போலக் கருணையானது வேறில்லை என்பேன். காரணம், வாசிப்பின் பாரம் குறைவு. வரிகள் வேகமாக ஓடும், ஆனால் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை. 'நீ எலியை அடித்தாய், எலி உன்னைக் கடித்தது' என்பது நூறு முறை வரும். ஒரு வாரத்தில் கண் அதைத் தானாகத் தாண்டிவிடும். எந்த வரி புதியது என்று மட்டும் மனம் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சிக்கூடத்திலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் வெளியே விடுகிறார்கள். அய்லார் என்ற தலைநகரம் உண்டு, வழி தவறினால் ரீகால் என்று தட்டினால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். சின்ன வரைபடம் ஒன்றும் எழுத்துக் குறிகளாலேயே காட்டப்படும். புதியவர்களுக்கென்று தனி அரட்டை வரிசை இருக்கிறது. அதில் எவ்வளவு மொக்கையான கேள்வி கேட்டாலும் யாராவது பதில் சொல்வார்கள். 200 லெவல் ஏறி முடித்தால் கதை முடியாது, மறுபிறவி எடுத்து இன்னொரு வகுப்பில், அதாவது வீரன், மந்திரவாதி மாதிரி இன்னொரு தொழிலில், முதலிலிருந்து ஏறலாம். மொத்தம் ஏழு வகுப்புகள். ஏழையும் முடித்தவர்களுக்கு அதற்கு மேலும் படிகள் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஏழு பிறவிக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், கதைப் பாத்திரமாகவே பேசி, நடந்து வாழ்வது என்பது இங்கே ஏறக்குறைய இல்லை. பெயருக்குத்தான் நீங்கள் எல்ஃப். அரட்டையில் எல்லாரும் சொந்த வேலை, சொந்த ஊர், கிரிக்கெட், பூனை என்றுதான் பேசுவார்கள். கதைக்காக வருகிறவர்களுக்கு மூன்றாம் வாரம் அலுத்துவிடும். அலுக்கட்டுமே. அந்த மூன்று வாரத்தில் விரல் பழகிவிடும்.

இரண்டாவது டிஸ்க்வேர்ல்ட். ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் நகைச்சுவை நாவல் வரிசையை வைத்துக் கட்டிய மட், 1991-இலிருந்து இருக்கிறது. காசு கொடுத்து உள்ளே எதையும் வாங்க முடியாது. ஆங்க்-மார்ப்போர்க் என்ற நகரம் ஒரு நகரமாகவே இருக்கிறது. தெருவுக்குத் தெரு கடை, கடைக்குக் கடை வேறு விதமான கடைக்காரர். வர்ணனைகளை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு சாக்கடையை வர்ணிக்கும் நாலு வரியில் இரண்டு சிரிப்பு இருக்கும். மற்றவர்களை அடிப்பதும் அவர்களிடம் அடி வாங்குவதும் நீங்களாக விரும்பிப் பதிந்துகொண்டால்தான். அந்த வகையில் பாதுகாப்பான ஊர். திருடர் சங்கம், கொலைகாரர் சங்கம், மந்திரவாதிகள், சூனியக்காரிகள், பூசாரிகள் என்று பிழைப்புக்கு வழிகள் பல. லெவல் ஏறுவதை விட, எந்தத் திறமையை எவ்வளவு வளர்க்கிறோம் என்பதில்தான் ஆட்டம். உயிர்களுக்கு மட்டும் கணக்கு உண்டு. செத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கையிருப்பு தீரும்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். அந்தச் சிரிப்பு ஆங்கிலச் சொல்லின் முதுகில் ஏறி வருவது. சிலேடை புரியவில்லை என்றால் சாக்கடை வெறும் சாக்கடைதான். அந்த நாவல்களில் இரண்டை ரசித்துப் படித்திருந்தால் நேராக இங்கேயே வாருங்கள், ஆர்ட்வுல்ஃபைத் தாண்டிவிடலாம். படிக்காதவர்கள் ஆறு மாதம் கழித்து வரலாம், ஊர் எங்கேயும் போய்விடாது. இங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை என்பதால் மெதுவாக வாசிப்பவருக்கும் கெடுதல் கிடையாது. சுவையில் பாதிதான் நஷ்டம்.

மூன்றாவது அகேயா. அயர்ன் ரெல்ம்ஸ் என்ற நிறுவனம் 1997 முதல் நடத்துவது. தொழில்முறையாக நடப்பதால் பளபளப்பு அதிகம். பிரவுசரிலேயே ஆடலாம், எதையும் நிறுவ வேண்டாம். நகரங்களுக்குள் அரசியல், பதவி, தேர்தல், பகை எல்லாம் உண்டு. கடவுள்களாகவே ஆட்கள் வந்து நடிக்கிறார்கள். நுழைவு இலவசம். கிரெடிட் என்ற ஒன்றை நிஜக் காசுக்கு விற்கிறார்கள். உள்ளே சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்து மற்ற ஆட்டக்காரர்களிடமும் அதை வாங்கலாம். ஆக, காசில்லாமலும் வண்டி ஓடும், மெதுவாக.

ஆனால் அகேயாவின் உயிர் ஆளுக்கு ஆள் நடக்கும் சண்டையில். அந்தச் சண்டை வேறு ரகம். வெறுமனே உயிர் எண்ணைக் குறைப்பது கிடையாது. எதிரி உங்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக நோவுகளை ஏற்றுவான்: பக்கவாதம், குமட்டல், மறதி. ஒன்றுக்குப் பச்சிலை மெல்ல வேண்டும், ஒன்றுக்குத் தைலம் பூச வேண்டும், ஒன்றுக்குப் புகைக்க வேண்டும். எந்த நோவுக்கு எது என்பது சித்த வைத்தியச் சுவடி மாதிரி நீண்டுகொண்டே போகும். ஒரு விநாடிக்குள் ஆறேழு வரி ஓடும், அதில் ஒரு வார்த்தைதான் முக்கியம். அதைக் கண்ணால் பிடிக்க மனிதனால் ஆகாது என்பதால் ஆட்கள் நிரல் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இப்போது வைத்தியத்தை சர்வரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு, இருந்தாலும் தாக்குவது உங்கள் பாடுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பையனுக்கு இது ஒரு வகையில் வரம். லுவா மொழியில் நிரல் எழுதிப் பழக இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அதே பையனுக்கு மாதக் கடைசியில் கையில் காசு இருந்தால் அது சாபமும் கூட. வேறொரு மட்டில், பெயர் வேண்டாம், ஒரு வாளுக்காக நான் காசு கட்டினேன். அடுத்த மாதமே அந்த வாள் வேலைக்காகாத மாதிரி விதியை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எழுத்தால் ஆன வாளுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

நான்காவது வகை முழுக்கப் பாத்திரமாகவே வாழும் மட்கள். 1991-இல் தொடங்கிய ஆர்மகெடான் இந்த வகையில் பேர் வாங்கியது. தண்ணீருக்கே தட்டுப்பாடான பாலைவன உலகம் அது. உங்கள் பாத்திரத்தின் தோற்றத்தையும் பின்னணியையும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். லெவல் எண் கண்ணில் படாது. செத்தால் செத்ததுதான், அந்தப் பாத்திரம் திரும்ப வராது. வேறு பெயரில் வேறு ஆளாகப் புதிதாகப் பிறக்கலாம். ஒரு கள்ளுக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசுவதுதான் அன்றைய முழு ஆட்டமாகவும் இருக்கும்.

எழுத்தில் ஆசை உள்ளவர்களுக்கு இதுதான் உச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் மட்டாக இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே வாசித்தால் போதாது, எழுதவும் வேண்டும், அதுவும் எதிராளி காத்துக்கொண்டிருக்கும்போது. 'அவள் கோப்பையை உருட்டியபடி உன்னைப் பார்க்காமலே சிரிக்கிறாள்' என்று ஒருவர் அனுப்பினால், அதற்குச் சமமாக ஒரு வரியை அரை நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். இலக்கணம் தப்பினால் யாரும் அடிக்க மாட்டார்கள். நமக்கே கூச்சமாகிவிடும், அப்புறம் ஒதுங்கிவிடுவோம். அப்படி ஒதுங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தக் கூச்சக்காரர்களுக்கு இருக்கும் நல்ல வழிதான் ஐந்தாவது: பதிவு போட்டு ஆடுவது. இப்போது பெரும்பாலும் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் நடக்கிறது. நாலைந்து பேர், கதையை நடத்த ஒருவர். நீங்கள் காலையில் ஒரு பத்தி எழுதிப் போட்டால் இன்னொருவர் ராத்திரி பதில் போடுவார். பகடை உருட்டவும் பாட் என்ற தானியங்கி நிரல் இருக்கிறது. அகராதி பார்த்து, அடித்துத் திருத்தி, நிதானமாக எழுதலாம். தமிழிலேயே ஆடவும் தடையில்லை. நாலு நண்பர்கள் சேர்ந்தால் சோழர் காலத்துத் துறைமுகத்தில் ஒரு கதையை நாளைக்கே தொடங்கலாம். பழைய மட்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து நுழையவே நுழையாது, ஆங்கில எழுத்துகளை மட்டும் மனதில் வைத்து எழுதிய நிரல்கள் அவை. நுழைந்தாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று கணக்குப் போட்டு வரைந்த வரைபடங்களில் நம் ணௌவும் ஸ்ரீயும் கோடு தாண்டி நிற்கும். பதிவு ஆட்டத்தின் வியாதி ஒன்றுதான்: பாதியில் சாவது. ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்குக் கல்யாணம், கதை அந்தரத்தில் நிற்கும்.

ஆறாவது, பிரவுசரில் கிளிக் பண்ணி ஆடும் எழுத்து விளையாட்டுகள். டார்ன் 2004 முதல் இருக்கும் குற்ற உலக விளையாட்டு. தெம்பு கால் மணிக்கு ஐந்து புள்ளியாக ஏறும், தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கிங்டம் ஆஃப் லோதிங் 2003-இல் வந்தது, குச்சி மனிதர் படங்களும் கிண்டலும், ஒரு நாளைக்கு அடிப்படையாக 40 சாகசங்கள். வகுப்புகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைக்கிறவர்களுக்குச் சரி. ஓடும் வரியைத் துரத்த வேண்டாம். அதே காரணத்தால், பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்ற அந்த உணர்வும் வராது. மட்டுக்கு இது மாற்று என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பார்ட்டில் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மட் ஆடுகிறவர்களை நாலு சீட்டு இனமாகப் பிரித்தார். டைமன், புள்ளியும் பொருளும் சேர்ப்பவர். இஸ்பேடு, தோண்டித் தோண்டி ஊரைச் சுற்றிப் பார்ப்பவர். ஆட்டின், ஆட்களோடு பேச வருபவர். கிளாவர், அடிக்க வருபவர். நீங்கள் டைமன் என்றால் ஆர்ட்வுல்ஃப், இஸ்பேடு என்றால் டிஸ்க்வேர்ல்ட், கிளாவர் என்றால் அகேயா, ஆட்டின் என்றால் ஆர்மகெடான் வகை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தான் எந்தச் சீட்டு என்பது ஆடிப் பார்ப்பதற்கு முன் யாருக்கும் தெரியாது. அடிக்கப் போகிறேன் என்று உள்ளே போனவர்கள் வருடக்கணக்கில் அரட்டையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கருவி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். லேப்டாப் இருந்தால் மட்லெட் என்ற மென்பொருள், மட்டோடு இணைப்பது அதுதான். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அக்கா மகனின் பழைய பெட்டியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. போகும் வழியைத் தானே வரைபடமாக வரைந்துகொள்ளும். முக்கியமாக, நீங்கள் சொன்ன வார்த்தை வந்தால் அந்த வரியை வேறு நிறத்தில் காட்டச் சொல்லலாம். வாசிப்பு மெதுவாக இருப்பவர்களுக்கு இது மூக்குக்கண்ணாடி மாதிரி. உங்கள் பெயர் வரும் வரி மஞ்சள், உயிர் குறைந்தால் சிவப்பு, இந்த இரண்டை மட்டும் முதல் நாளே வைத்துவிடுங்கள். போனில் ஆடலாமா என்றால், ஆடலாம், ஆனால் கீபோர்டு பாதித் திரையை விழுங்கிவிடும். பார்வையற்ற நண்பர்கள் விண்டோஸில் மஷ்கிளையன்ட் என்ற இதே மாதிரி மென்பொருளை, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடு சேர்த்து ஆடுகிறார்கள். அவர்கள் அதிகம் கூடும் இடம் ஆல்டர் ஏயான் என்ற மட். படமே இல்லாத விளையாட்டில் அவர்கள் யாருக்கும் ஒரு படி கீழே நிற்பதில்லை. என்னைவிட இரண்டு மடங்கு வேகமாகக் கேட்டு ஆடும் ஒருவரிடம் தோற்றிருக்கிறேன்.

நேரக்கணக்கு ஒன்று இருக்கிறது. இவற்றில் அமெரிக்க ஆட்கள் அதிகம், அவர்கள் வேலை முடித்து வந்து உட்காரும் நேரம் நமக்கு விடிகாலையும் காலையும். நம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் ஊர் கொஞ்சம் காலியாக இருக்கும். கற்றுக்கொள்ள அது ஒரு வகையில் நல்லது, ஆனால் அரட்டை வரிசையில் பதில் தாமதமாகும். அப்புறம் கரண்ட். சண்டை நடுவே இணைப்பு அறுந்தால் பல மட்களில் உங்கள் பாத்திரம் மறைந்துவிடாது, மரம் மாதிரி நின்று அடி வாங்கும். ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு வைஃபையை அணைப்பார்கள் என்றால், பத்து ஐம்பதுக்கே ஊருக்குள் வந்து பத்திரமான அறையில் க்விட் தட்டிவிட வேண்டும். டேட்டா செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம், வெறும் எழுத்துதானே.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: மூன்று வாரம் ஆர்ட்வுல்ஃப். அதோடு பக்கத்தில் தமிழிலேயே ஒரு டிஸ்கார்டு கதை. பேச்சில் அவனுக்கு இருக்கும் வேகம் எழுத்திலும் வந்துவிட்டது என்று தெரிந்தால் அதற்குப் பிறகு ஆர்மகெடான் வகைக்குப் போகட்டும். அகேயாவை நிரல் எழுதும் ஆசைக்காகத் தொடலாம், ஏடிஎம் கார்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு.

கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன். இந்தப் பழைய இணைப்பு முறைக்கு டெல்நெட் என்று பெயர். அதில் கடவுச்சொல் அப்படியே திறந்த தபால் அட்டை மாதிரி போகும். மெயிலுக்கு வைத்திருப்பதை இங்கே வைக்காதே, புதிதாக ஒன்று வை என்று. "அதெல்லாம் சரி மாமா, என் பேர் எடுக்க மாட்டேங்குது" என்றான். கார்த்திக் என்ற பெயரை அவனுக்கு முன்னாலேயே எவனோ ஒருத்தன் பதிந்து வைத்திருக்கிறான். இப்போது அவனைத் தேடிக்கொண்டிருக்கிறான்.